கிழவி ஏன் சாக வேண்டும்?

உலகத்துச் சினிமாவில் ஒரு கதை, தேச பாஷை வித்தியாசமில்லாமல், திரும்பத் திரும்ப எடுக்கப்பட்டு வருகிறது. பதினாறு பதினேழு பிராயத்துப் பையன் ஒருவன், நாலு பேர் நடுவில் வாய் திறக்கக் கூசுகிறவன், வீட்டாரின் அன்பினாலோ அதிகாரத்தினாலோ மூச்சு முட்டிக் கிடப்பவன்; அவனுக்கு, ஊரார் 'ஒரு மாதிரி' என்று ஒதுக்கி வைத்திருக்கும் ஒரு கிழவரோ கிழவியோ தற்செயலாகச் சிநேகமாகிறார்; அந்த முதியவரின் விசித்திரங்களைக் கண்டு பையன் முதலில் மிரண்டு, பிறகு மயங்கி, கடைசியில் தலை நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொள்கிறான்; அவன் நிமிர்ந்த அந்தக் க்ஷணத்திலே, ஏதோ அதற்காகவே இத்தனை காலம் காத்திருந்தவரைப் போல, முதியவர் கண்ணை மூடிவிடுகிறார். ரஸிகர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறார்கள். இந்தக் கடைசிக் காரியத்தைப் பற்றித்தான் எனக்கு வெகு காலமாக ஒரு மனஸ்தாபம் உண்டு.

பேர் பெற்ற படங்களை எடுத்துப் பார்த்தால், தப்பிப் பிழைத்த முதியவர்கள் சொற்பமே. 1988-இல் வெளிவந்து உலகத்தையெல்லாம் அழ வைத்த இத்தாலியப் படமான 'சினிமா பாரடைசோ'வில், சிசிலித் தீவின் சிற்றூர் ஒன்றில் படம் ஓட்டிப் பிழைக்கும் ஆல்ஃபிரெடோ, டோட்டோ என்ற சிறுவனுக்குத் தன் தொழிலைக் கற்றுக்கொடுத்து, பிலிம் தீப்பற்றி எரிந்த விபத்தில் தன் கண்களைப் பறிகொடுத்து, பிள்ளை வாலிபனானதும் ஊரை விட்டே போய்விடும்படியும் திரும்பிப் பாராதிருக்கும்படியும் அவனைக் கட்டாயப்படுத்தி அனுப்பிவைக்கிறான். அந்த ஆல்ஃபிரெடோ இறந்துபோனான் என்ற செய்தி தொலைபேசியில் வருவதுதான் படத்தின் ஆரம்பமே. 2000-இல் வந்த 'ஃபைண்டிங் ஃபாரெஸ்டர்' என்ற அமெரிக்கப் படத்தில், ஒரே ஒரு நாவலை எழுதிக் கீர்த்தி பெற்றுவிட்டு, நியூயார்க் நகரத்து பிராங்க்ஸ் பகுதியில் கதவைச் சாத்திக்கொண்டு வாழும் எழுத்தாளராக ஷான் கானரி நடித்தார். அவர் பதினாறு வயதுக் கறுப்பினப் பையன் ஒருவனுக்கு எழுத்து வித்தையின் நுட்பங்களைச் சொல்லிக்கொடுத்து, அவனுக்கு நேர்ந்த அவமானத்தை அவன் பள்ளிக்கூடத்துக்கே வந்து துடைத்துவிட்டு, பிறகு தம் சொந்த நாடான ஸ்காட்லாந்துக்குப் போய்ப் புற்றுநோயில் இறந்துபோகிறார். இறந்தது மட்டுமா? குடியிருந்த வீட்டையும் இரண்டாவது நாவலின் கையெழுத்துப் பிரதியையும் பையனுக்கே விட்டுப் போகிறார். இதற்கு மேல் ஒரு கிழவர் ஒரு பையனுக்கு எந்தவிதமான சௌகரியம் செய்து கொடுக்க முடியும்?

இந்த வம்சத்துக்கெல்லாம் மூலம் என்று சொல்லத்தக்கது, ஹால் ஆஷ்பி இயக்கி 1971 டிசம்பரில் வெளிவந்த 'ஹரால்ட் அண்ட் மாட்'. பணக்காரத் தாயின் மாளிகையில், நாண்டுகொண்டவனைப் போலவும் கழுத்தை அறுத்துக்கொண்டவனைப் போலவும் பாசாங்கு செய்து அவளைத் திடுக்கிட வைப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவன் ஹரால்ட். அந்நியர்களின் இறுதிச் சடங்குகளுக்கு அழையா விருந்தாளியாகப் போய் உட்காரும் வழக்கமுள்ள அவன், அதே வழக்கமுள்ள மாட் என்ற எழுபத்தொன்பது வயதுக் கிழவியை அப்படி ஒரு சடங்கிலே சந்திக்கிறான். அவள் பிறத்தியார் மோட்டாரில் ஏறி அதைத் தன்னுடையது போல ஓட்டிக்கொண்டு போவாள். நகரத்துப் புகையில் வாடும் ஒரு மரத்தை வேரோடு பெயர்த்துக் காட்டில் கொண்டுபோய் நடுவாள். போலீஸ்காரனை ஏய்த்துவிட்டுச் சிரிப்பாள். வெளியான சமயத்தில் படம் படுதோல்வி. விமரிசகர்கள் காறித் துப்பாத குறைதான். ஆனால் நாளடைவில் கல்லூரி மாணவர்கள் அதைத் தேடிப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்து, மினசோட்டா மாகாணத்து எடைனா என்ற ஊரில் ஒரே கொட்டகையில் இரண்டு வருஷத்துக்கு மேல் அது ஓட, 'வேறு படம் போடுங்கள்' என்று அக்கம்பக்கத்தார் அட்டை பிடித்து மறியல் செய்ய வேண்டியதாயிற்று.

அந்தப் படத்தின் உயர்வை நான் மறுக்கவில்லை. அதிலே ஒரு காட்சி உண்டு. மாலை வேளையில் இருவரும் நீர்க்கரையில் அமர்ந்திருக்கிறார்கள். பையன் கிழவியின் கையை ஆசையோடு பற்றுகிறான். பற்றிய இடத்தில், முன்கையிலே, பச்சை குத்திய இலக்கங்கள் தெரிகின்றன. நாஜிகளின் வதை முகாமிலிருந்து உயிரோடு மீண்டவள் அவள் என்பதற்கு அதுதான் சாட்சி. அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசப்படுவதில்லை. காமிராவும் அங்கே நிற்பதில்லை. கண் சிமிட்டினால் தவறிப் போய்விடும். ஆனால் அந்த ஒரு நொடியில், இவளுடைய குதூகலம் வெறும் கிறுக்கு அல்ல, பெரும் விலை கொடுத்து வாங்கியது என்பது விளங்கிவிடுகிறது. இவ்வளவு நயமாகக் கதை சொல்லத் தெரிந்தவர்கள், கடைசியில் தன் எண்பதாவது பிறந்த நாளன்று மாட் தானே தன் உயிரை முடித்துக்கொள்ளும்படி செய்துவிட்டார்கள். எண்பது என்பது போதுமான வயது என்பது அவள் சித்தாந்தம். சித்தாந்தத்தை அவள் வாயில் வைத்த கதாசிரியர் காலின் ஹிக்கின்ஸ், கலிபோர்னியா சர்வகலாசாலையில் சினிமாப் படித்துக்கொண்டிருந்த காலத்திலே இக்கதையை எழுதினார். அப்போது அவருக்கு முப்பது பிராயம் நிரம்பவில்லை. முப்பது நிரம்பாதவர்களுக்கு எண்பது என்பது ரொம்பவும் போதுமானதாகத்தான் தோன்றும்.

மாட் ஆக நடித்த ரூத் கார்டன் அம்மையார் அந்தச் சித்தாந்தத்தை ஒப்புக்கொண்டதாக அவருடைய ஜீவிய சரித்திரத்தில் அடையாளமில்லை. 1896-இல் பிறந்த அவர், எழுபத்திரண்டு வயதில் 'ரோஸ்மேரிஸ் பேபி' என்ற படத்துக்காக ஆஸ்கர் பரிசு பெற்றவர். மாட் மடிந்த வயதையும் தாண்டி, 1979-இல், எண்பத்திரண்டாவது வயதில், ஒரு தொலைக்காட்சித் தொடரில் நடித்ததற்காக எம்மி பரிசும் பெற்றார். 1985-இல் எண்பத்தெட்டாவது வயதில் காலமாகும் வரையில் தொழிலை விடவில்லை. கதையில் வரும் கிழவிக்கு இல்லாத எட்டு வருஷங்கள் நடித்த கிழவிக்கு இருந்தன. அவற்றை அவர் வீணாக்கவும் இல்லை.

மரணம் கதாசிரியனுக்கு எவ்வளவு சௌகரியமான உபகரணம் என்பதைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். கிழவர் உயிரோடிருந்தால், பையன் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவரைப் போய்ப் பார்த்தாக வேண்டும்; அவருக்குக் காது மந்தமாகும்போது உரக்கப் பேச வேண்டும்; சொன்ன கதையையே அவர் மறுபடியும் சொல்லும்போது, முதல் தடவை கேட்பவனைப் போல 'உம்' கொட்ட வேண்டும்; கண்புரை அறுவைக்காக அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் வராந்தா பெஞ்சியில் அரை நாள் காத்துக் கிடக்க வேண்டும்; காலேஜில் புதுச் சிநேகிதர்கள் சேர்ந்த பிறகு, மாதக் கணக்கில் ஒரு கடுதாசிகூடப் போடாமலிருந்ததற்கு அவர் முகத்தைப் பார்த்துக் கூச்சப்பட வேண்டும். இறந்துவிட்டாரோ, இத்தனை கடனும் ஒரே வீச்சில் தள்ளுபடியாகிவிடுகிறது. பையனுக்கு மிஞ்சுவது ஒரு பெட்டி, ஒரு புஸ்தகம், ஒரு பிலிம் சுருள், அல்லது ஒரு பாட்டு. பராமரிக்க வேண்டிய தேகம் ஒன்றும் மிஞ்சுவதில்லை. முதுமையின் ஞானத்தை மட்டும் பிழிந்து எடுத்துக்கொண்டு சக்கையை மறைத்துவிடும் இந்த ஏற்பாட்டை, முதியோரைக் கொண்டாடும் கலை என்று நாம் இத்தனை காலம் நம்பி வந்திருக்கிறோம்.

இந்தச் சம்பிரதாயத்துக்கு மாறாக, கிழவியைச் சாகவிடாமல் கதையை முடித்த ஒரு படத்தைப் பற்றிச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். 2006-இல் பிரிட்டனில் வெளிவந்த 'டிரைவிங் லெஸன்ஸ்' என்ற அந்தப் படத்தை மகா காவியம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லப் போவதில்லை. 'ஹாரி பாட்டர்' படங்களிலே ரான் என்ற செம்பட்டை முடிப் பையனாக வந்த ரூபர்ட் கிரின்ட்டும், அதே படங்களில் அவனுக்குத் தாயாராக வந்த ஜூலி வால்டர்ஸும் இதில் சேர்ந்து நடித்திருக்கிறார்கள் என்பதற்காகவே அநேகர் அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு மறந்தும் போனார்கள்.

கதாநாயகன் பென் மார்ஷலுக்கு வயது பதினேழு. தகப்பனார் லண்டனில் ஒரு பாதிரியார். சாதுவான மனுஷர், வாய் பேசாதவர். தாயார் லாரா, பக்தியையும் பரோபகாரத்தையும் அதிகாரத்தின் ஆயுதங்களாக மாற்றிக்கொண்டவள். நிர்க்கதியானவர்களை வீட்டிலே கொண்டுவந்து வைத்துக்கொள்வாள். வீட்டிலே பிறந்த பிள்ளையின் மனம் என்ன பாடு படுகிறது என்று கேட்கமாட்டாள். அவளுக்குச் சபையைச் சேர்ந்த ஒரு இளம் பாதிரியோடு கள்ளத் தொடர்பும் உண்டு. பிள்ளைக்குக் கார் ஓட்டப் பழக்குகிறேன் என்று சொல்லிவிட்டுப் புறப்படுவது அந்தச் சந்திப்புகளுக்கு ஒரு போர்வை. ஆகவே பையன் தாயாரின் பக்கத்தில் உட்கார்ந்து முதன்முதலாகப் பழகிக்கொள்ளும் வித்தை, காரைச் செலுத்துவதல்ல. பொய்க்குச் சாட்சியாக மௌனமாயிருப்பது. கூச்சம் என்பது பிறவிச் சுபாவம் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். வீட்டில் உள்ள ஒரு ரகசியத்தைக் காப்பாற்றும் பொறுப்பைச் சிறு வயதிலேயே சுமந்த பிள்ளைக்கும் அது வந்துவிடும் என்பதை இந்தப் படம் ஒரு பிரசங்கமும் இல்லாமல் காட்டிவிடுகிறது.

விடுமுறைக் காலத்தில் ஏதாவது சம்பாதித்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தில், ஒரு விளம்பரத்தைப் பார்த்து, ஓய்வு பெற்ற நாடக நடிகை ஈவி வால்டன் வீட்டில் எடுபிடி வேலைக்குச் சேருகிறான். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் தான் மேடையை ஆண்ட கதையை மார் தட்டிச் சொல்கிறவள் அவள். ஜனங்களோ அவளை ஒரு தொலைக்காட்சித் தொடரின் பாத்திரமாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். குடிப்பாள், வாயைத் திறந்தால் வசவு, பொய் சொல்லுவாள், பிறருடைய தாக்ஷண்யத்தைக் கூசாமல் உபயோகித்துக்கொள்வாள். தோளில் கை போட்டு அறிவுரை சொல்லும் ஞானக் கிழவி அல்ல இவள். பென்னுக்கு அவள் சொல்லும் உபதேசம் என்று எதையும் பொறுக்கி எடுத்து நோட்டுப் புஸ்தகத்தில் எழுதிக்கொள்ள முடியாது. அப்படி எழுதிக்கொள்ளத் தகுந்ததாக ஒன்றிரண்டு வந்தாலும், அவற்றைக் கடைப்பிடிப்பவள் அவளல்ல என்பது அடுத்த காட்சியிலேயே தெரிந்துவிடும்.

அப்படியானால் பையனுக்கு அவளால் என்ன லாபம்? அவள் அவனைத் தேவைப்படுகிறவனாக்கிவிடுகிறாள், அவ்வளவுதான். ஒரு நாள் இருவரும் காரில் ஊருக்கு வெளியே போகிறார்கள். கூடாரம் அடித்து அங்கேயே இரவு தங்கலாம் என்கிறாள் ஈவி. நேரத்தோடு வீட்டுக்குத் திரும்பாவிட்டால் தாயார் என்ன சொல்லுவாளோ என்று பென் பதறுகிறான். புறப்பட்டே ஆக வேண்டும் என்று அவன் முதன்முறையாகக் குரலை உயர்த்தும் சமயத்தில், கிழவி கார்ச் சாவியை எடுத்து வாயில் போட்டு விழுங்கிவிடுகிறாள். சாவி வெளியே வந்தால்தான் வண்டி நகரும். இதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம்; சிரிப்பதற்காகவே எழுதப்பட்ட காட்சிதான். ஆனால் அதற்குள்ளே இருப்பது ஒரு கிழவியின் பிடிவாதமான தனிமை. காலி வீட்டுக்குத் திரும்பிப் போவதைவிடச் சாவியை விழுங்குவது மேல் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. பையனுடைய வாழ்க்கையில் இதுவரையில் அவனைக் கட்டிவைத்தவர்கள் எல்லாரும் அவனுடைய நன்மைக்காகக் கட்டிவைத்ததாகச் சொன்னவர்கள்; தன்னுடைய சந்தோஷத்துக்காகவே அவனைக் கட்டிவைத்து, அதை ஒளிக்காமலும் இருந்தவள் இவள் ஒருத்தியே. கட்டுண்டவன் அந்த இரவிலே சுதந்திரமாக உணர்ந்ததற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

பிறகு எடின்பரோவுக்கு ஒரு பிரயாணம் வருகிறது. ஓட்டுநர் பரீட்சையில் தேறாத அந்தப் பையனே, லண்டனிலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அந்த ஸ்காட்லாந்து நகரத்துக்குக் கிழவியைக் காரில் அழைத்துப் போகிறான். அங்கே அவள் கவிதை வாசிப்பதாக ஏற்பாடு. நீண்ட காலத்துக்குப் பிறகு அவளுக்குக் கிடைத்த கௌரவம் அது. அந்த ஊரிலே ஒரு பெண்ணின் சிநேகம் கிடைத்து, பென் தன் வாலிபத்தின் முதல் இரவைக் கழிக்கப் போய்விடுகிறான். அவன் பக்கத்தில் இல்லாத அந்த வேளையில், கிழவி மேடையிலே தடுமாறி, வாசிக்க இயலாமல், எல்லார் முன்னிலையிலும் அவமானப்பட்டுப் போகிறாள்.

இந்த ஜாதிப் படங்களில் இந்த இடத்துக்கு இணையாக எனக்கு வேறொன்று அகப்படவில்லை. ஆல்ஃபிரெடோவுக்கு டோட்டோ துரோகம் செய்ய முடியாது. ஆல்ஃபிரெடோ எதையும் எதிர்பார்ப்பவனல்ல. மாட் எந்த ஏமாற்றத்துக்கும் அப்பாற்பட்டவள். கொடுப்பதற்கென்றே படைக்கப்பட்ட அந்த மகான்களை வருத்தப்படுத்தும் சக்தி பையன்களுக்கு இல்லை. வருத்தப்படுத்த முடியாதவர்களோடு பக்தி கொள்ளலாம், சிஷ்ய பாவம் கொள்ளலாம், சிநேகம் கொள்வது எப்படி? பென்னோ, தன்னை நம்பிய ஒரு கிழவியைத் தன் சுகத்துக்காகக் கைவிட்டுவிட்டு, அதன் பலனைக் கண்ணாரக் காண்கிறான். அந்தக் கிழவியோடு, ஒருவர் மேல் ஒருவர் கோபத்தோடு, அதே காரில் அத்தனை தூரமும் திரும்பிப் போக வேண்டியவனாகிறான். அவன் வயசுக்கு வந்தது அந்தப் பெண்ணின் அறையிலே அல்ல, திரும்பி வரும் அந்தக் காரிலே என்பது என் அபிப்பிராயம்.

இந்தக் கதையின் வேர் நிஜ வாழ்க்கையில் இருக்கிறது. படத்தை எழுதி இயக்கிய ஜெரமி பிராக் பாதிரியார் வீட்டுப் பிள்ளை. வாலிபப் பிராயத்தில், இங்கிலாந்தின் நாடக மேடையில் ஒப்பற்ற கீர்த்தியோடு விளங்கிய பெக்கி ஆஷ்கிராஃப்ட் அம்மையாரிடம் கொஞ்ச காலம் வேலை பார்த்தவர். ஈவியின் குடியும் வசவும் கற்பனையின் சேர்க்கை. ஒரு கூச்சக்காரப் பையனைப் பெரிய நடிகை ஒருத்தி சரிசமமாக நடத்தினாள் என்ற ஆச்சரியமே அனுபவத்திலிருந்து வந்தது. அந்தப் பெக்கி ஆஷ்கிராஃப்ட் நம் நாட்டாருக்கு அந்நியர் அல்லர். ஃபார்ஸ்டரின் நாவலை டேவிட் லீன் 1984-இல் 'எ பாஸேஜ் டு இந்தியா' என்று படமாக்கியபோது, நம் மேட்டுப்பாளையம் உதகை மலை ரயிலை மாராபார் குகைகளுக்குப் போகும் ரயிலாகக் காட்டிய அந்தப் படத்திலே, மிஸஸ் மூர் என்ற மூதாட்டியாக நடித்து, எழுபத்தேழாவது வயதில் ஆஸ்கர் பரிசு பெற்றவர் அவர்தான்.

மிஸஸ் மூரும் இதே வம்சத்தவள்தான் என்பது வேடிக்கை. இரவு நேரத்து மசூதியிலே, வெள்ளைக்காரி செருப்போடு நுழைந்துவிட்டாளோ என்று சீறும் இளம் டாக்டர் அஜீஸிடம், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தேன் என்று சாந்தமாகச் சொல்லி, அந்த ஒரு வார்த்தையினாலே அவனை ஆயுள் பரியந்தம் சிநேகிதனாக்கிக்கொண்டவள் அவள். அஜீஸ் பையன் அல்லன், பிள்ளைகளைப் பெற்றவன். ஆனாலும் ஆள்பவர்கள் எதிரில் கூனிக் குறுகும் அவனுடைய சங்கோசமும் ஒருவிதமான வாலிபக் கூச்சமே. அவனுக்காகச் சாட்சி சொல்ல வேண்டிய சமயத்தில் மிஸஸ் மூர் என்ன ஆனாள் என்று வாசகர்கள் ஊகித்திருப்பார்கள். கப்பலில் ஊருக்குத் திரும்பும் வழியில் இறந்துபோனாள். ஃபார்ஸ்டரைப் போன்ற மேதைக்குக்கூட இந்தச் சௌகரியத்தை விட மனம் வரவில்லை. பெக்கி ஆஷ்கிராஃப்ட் மாத்திரம் 1991 வரையில் வாழ்ந்தார். அவரிடம் வேலை பார்த்த பையன் அவர் மறைந்து பதினைந்து வருஷம் கழித்து அவரை நினைத்து எழுதிய கதையில் அவரைச் சாகவிடவில்லை. நன்றியைத் தெரிவிப்பதற்கு இது நல்ல வழி.

ஜூலி வால்டர்ஸைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1983-இல் வந்த 'எஜுகேட்டிங் ரீட்டா' படத்திலே, குடிகாரப் பேராசிரியர் ஒருவரிடம் இலக்கியம் கற்க வரும் சிகையலங்காரக் கடைப் பெண்ணாக நடித்துத்தான் அவர் உலகப் பிரசித்தி அடைந்தார். இருபத்து மூன்று வருஷம் கழித்து அதே ஆட்டத்தில் எதிர்ப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கற்க வந்தவளாக இருந்தபோது, கற்பிப்பவருக்கும் ஒரு சரிவு உண்டு என்பதை அவர் கண்டவர். அதனாலோ என்னவோ, ஈவியின் இறுமாப்புக்கு நடுவே அவ்வப்போது ஒரு பயம் தலைகாட்டுவதை அவரால் அவ்வளவு இயல்பாகக் காட்ட முடிந்திருக்கிறது. இத்தனைக்கும் படப்பிடிப்பின்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்துதான்.

படத்தின் குற்றங்களை மறைத்துப் பயனில்லை. லாரா லின்னி உயர்ந்த நடிகை. அவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தாயார் வேஷமோ கூத்து மேடையில் வரும் ராக்ஷஸியின் வேஷம். பக்தி என்றால் பாசாங்கு, வசவு என்றால் சத்தியம் என்ற மலிவான சமன்பாட்டைப் படம் பல இடங்களில் நம்பியிருக்கிறது. கோவில் நாடகத்தில் பென்னுக்கு யூகலிப்டஸ் மரத்தின் வேஷம் என்பதைப் போன்ற பரிகாசங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. அதற்குப் பின்னால் வரும் அமர்க்களம் அளவு மீறிவிட்டது. கிழவி கெட்ட வார்த்தை சொன்னால் கொட்டகை சிரிக்கும் என்ற நம்பிக்கை, கிழவிகளுக்குச் செய்யும் மரியாதையும் அன்று. ஆனால் இவற்றையெல்லாம் மீறி, கதை முடியும்போது பையன் தன் வழியே போகிறான், கிழவி தன் வீட்டில் இருக்கிறாள், இருவருக்கும் நடுவே விட்டுப் போகாத ஒரு பாத்தியதை இருக்கிறது. அவன் அவளை மறுபடியும் பார்க்க வருவானா என்ற கேள்வியை நம்மிடம் விட்டுவிட்டார்கள். வருவான் என்று நினைப்பதற்கும் இடமிருக்கிறது, வரமாட்டான் என்று அஞ்சுவதற்கும் இடமிருக்கிறது.

முதியவர்கள் சாவது இயற்கைதானே, அதைக் காட்டுவதில் என்ன பிழை என்று சிலர் கேட்கக்கூடும். சாவது இயற்கை, படம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது சாவது இயற்கை அல்ல. நிஜத்தில் அவர்கள் நம்முடைய முன்னேற்றத்தின் அட்டவணையை அனுசரித்துச் சாவதில்லை. பரீட்சைக்கு முந்தின நாள் சாகிறார்கள். அல்லது, நாம் அவர்களை மறந்து பத்து வருஷம் ஆன பிறகும் உயிரோடிருந்து, யாரோ சொல்லித் தெரியவர, நம்மை வெட்கப்பட வைக்கிறார்கள். இரண்டாவது சங்கடத்தைப் படமெடுக்கத்தான் ஆள் இல்லை.

நம் தமிழ்ப் படங்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு விசேஷம் உண்டு. மதுமிதா இயக்கி 2019-இல் வந்த 'கே.டி. (எ) கருப்புதுரை'யில், நினைவிழந்து கிடந்த எண்பது வயதுக் கிழவர் கண் விழித்து, தமக்குத் தலைக்கூத்தல் செய்துவிடப் பிள்ளைகள் திட்டமிடுவதைக் காதால் கேட்டு, வீட்டை விட்டு ஓடிப்போய், கூச்சம் என்பதையே அறியாத எட்டு வயது அநாதைப் பையனோடு சிநேகமாகிறார். தலைக்கூத்தலின் கொடுமையையே விஷயமாகக் கொண்டு, தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்ற 'பாரம்' படமும் அதே காலத்தது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, முதியவர்களை 'அனுப்பி வைக்கும்' அந்த வழக்கம் தென் மாவட்டங்களில் உண்டு என்பது எல்லாரும் அறிந்த ரகசியம். ஆகவே குடும்பத்தின் சௌகரியத்துக்காகக் கிழவர் சாக மறுப்பது என்பது நம்மிடத்தில் வெறும் கதைப் போக்கு அல்ல. மு. ராமசாமி அந்தக் கருப்புதுரையாக பிரியாணிக்கு ஆசைப்பட்டுச் சப்புக் கொட்டும்போது, மேற்கத்திய இயக்குநர்களுக்குத் தோன்றாத ஒரு நியாயம் அங்கே எழுந்து நிற்கிறது.

ஆனால் பதினேழு வயதுக் கூச்சக்காரப் பையனுக்கு, அல்லது பெண்ணுக்கு, நம் சினிமாவில் இன்னும் இடம் கிடைத்தபாடில்லை. பதினேழு வயது என்றால் காதல், அல்லது கத்தி. இரண்டும் இல்லாத பிள்ளைகளை நாயகனின் தம்பியாக்கி மூன்றாவது காட்சியில் மறந்துவிடுகிறோம். நிஜத்தில் அந்தப் பிள்ளைகள்தான் நம் தெருக்களில் அதிகம். பன்னிரண்டாம் வகுப்பில் சேர்ந்த நாள் முதலாக, வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் 'மார்க் எவ்வளவு, அடுத்தது என்ன' என்று விசாரிப்பதைத் தவிர வேறு சம்பாஷணையை அறியாதவர்கள் அவர்கள். தாத்தா பாட்டி இருந்தாலும், அவர்களும் அந்த வீட்டுக் கட்சிக்காரர்கள். பேரன் டாக்டராவதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. மார்க்கைப் பற்றிக் கவலையில்லாத, உறவுமுறை ஒன்றும் இல்லாத, தன் பாட்டுக்குக் கொஞ்சம் கிறுக்கான ஒரு முதியவரின் வீட்டுக் கதவு திறந்திருப்பது அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய பாக்கியம் என்பதை, அப்படி ஒரு கதவு கிடைத்தவர்கள் அறிவார்கள். ஓய்வு பெற்ற தபால்காரராக இருக்கலாம், நாடகக் கொட்டகையில் ஆர்மோனியம் வாசித்தவராக இருக்கலாம், மாடி வீட்டில் தனியாகப் பூனைகளோடு வாழும் டீச்சரம்மாவாக இருக்கலாம். கதைக்கு வேண்டிய ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

அந்தக் கதையை எழுதப் போகிற இயக்குநர் எங்கேயோ இதைப் படித்துக்கொண்டிருக்கக்கூடும். அவருக்கு ஒரு விண்ணப்பம். டீச்சரம்மா பையனைத் திட்டட்டும். அவனிடம் கடன் வாங்கித் திருப்பித் தராமலிருக்கட்டும். அவனும் அவரை ஒரு நாள் முக்கியமான சமயத்தில் கைவிட்டு, பிறகு தலை குனிந்து திரும்பி வரட்டும். ஆனால் கடைசி ரீலில் நெஞ்சு வலியை மட்டும் வரவழைக்க வேண்டாம். பையன் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ காலேஜில் சேர்ந்து, தீபாவளிக்கு ஊருக்கு வந்து, அவருடைய ரத்தக் கொதிப்பு மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போகும் காட்சியோடு படத்தை முடியுங்கள். கொட்டகையில் கைதட்டல் குறைந்தாலும் பாதகமில்லை.